பத்தொன்பது வயதுக்குத் தைத்த ஜாக்கெட்

ஹட்டன் டவுனில் ஒரு கல்யாண உடுப்புக் கடையில் முப்பத்தொரு வருடம் வேலை செய்தேன். ஜாக்கெட் தைத்தேன், கூறைச் சேலை கட்டிவிட்டேன், மண்டபத்துக்குப் போய் மணவறைக்குப் பின்னால் நின்று கொசுவம் சரிசெய்தேன். பழைய கல்யாண வீடியோக்களில் உற்றுப் பார்த்தால், பெண்ணின் முதுகுப் பக்கம் ஊசிகளைப் பல்லில் கடித்தபடி ஒருத்தி குனிந்து நிற்பாள். அது நான்தான். முகம் படத்தில் விழுந்தால் வீடியோக்காரர் திட்டுவார்.

இப்போது கண்ணும் முழங்காலும் தகராறு செய்வதால் வீட்டோடு இருக்கிறேன். டவுனில் தையல் வகுப்பு நடத்தும் பிள்ளைகள் தங்கள் ஆண்டு மலருக்கு என் தொழில் அனுபவத்தை எழுதித் தரச் சொன்னார்கள். சந்தோஷமான கல்யாணங்கள் எத்தனையோ பார்த்திருக்கிறேன், அவற்றை எழுதினால் படிக்கிறவர்களுக்கும் நன்றாக இருக்கும். ஆனால் பேனாவை எடுத்தால் மனசு ஒரே ஒரு கல்யாணத்தில்தான் போய் நிற்கிறது. அந்தப் பெண்ணின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதலாமா என்று அவளிடம் கேட்டு, சரி என்று சொன்ன பிறகுதான் எழுதுகிறேன். அவளைச் சின்னவள் என்றே இங்கே சொல்கிறேன்.

நான் தொழில் பழகிய கதை பெரிதாக ஒன்றுமில்லை. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுத்த என் அம்மா, மகளாவது மலை ஏறாமல் இருக்கட்டும் என்று கொண்டுவந்து கடையில் விட்டார். இரண்டு வருடம் கொக்கி தைத்தேன். மூன்றாவது வருடம் கத்தரிக்கோலைக் கையில் கொடுத்தார்கள். அவ்வளவுதான்.

கடைக்காரர் ஒரு முஸ்லிம் தையல் மாஸ்டர். எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்பதால் நானும் அவரை, அண்ணன் என்ற பொருளில், நானா என்றே கூப்பிட்டேன். மெல்லிய குரல். கோபம் வந்தால் குரல் இன்னும் மெலிந்துபோகும், அதற்குத்தான் எனக்குப் பயம். பெண்களை அளவெடுக்கிற இடத்துக்குள் அவர் காலை வைத்ததில்லை. திரைக்கு வெளியே ஸ்டூலில் உட்கார்ந்து, நான் உள்ளேயிருந்து சொல்லும் அளவுகளைப் பென்சிலால் எழுதிக்கொள்வார். ஒவ்வொரு அளவும் இரண்டு தடவை எடுக்க வேண்டும். முதலில் நிற்கவைத்து. பிறகு ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கவைத்து, உட்காரவைத்து.

"நிக்கிற பொண்ணு மூச்சப் புடிச்சிக்கிட்டு நிப்பா மகள். கல்யாணம் உக்காந்துதான் செய்யிற" என்பார்.

அளவுகளைக் கேட்டே ஆளைச் சொல்லிவிடுவார். "இது மலையில நிக்கிற புள்ள, தோள் உரம். கையத் தூக்கினா ஜாக்கெட் ஏறும், அரை அங்குலம் கூட வைங்க" என்பார். முகத்தைப் பார்க்காமலே சொல்வார், அப்படியே இருக்கும். உடம்பில் எது குறைந்தாலும், எது கூடினாலும் துணியால் சரிக்கட்டலாம் என்பது அவரிடம் நான் படித்த பாடம். ஒரு தோள் இறங்கியவளுக்கு உள்ளே ஒரு சிறு மெத்தை. வயிறு தெரியத் தொடங்கியவளுக்குக் கொசுவத்தில் இரண்டு மடிப்பு கூட. அப்படி எத்தனையோ பிள்ளைகளை நாலு பேர் வாயில் விழாமல் மணவறையில் உட்காரவைத்திருக்கிறோம். அதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான்.

பதினெட்டு வருடத்துக்கு முன் ஒரு மழைக்காலத்தில், உடப்புசல்லாவைப் பக்கத் தோட்டத்திலிருந்து ஓர் அம்மாவும் மகளும் வந்தார்கள். முதல் பஸ்ஸில் நுவரெலியாவுக்கு வந்து, நானுஓயாவில் ரயிலேறி, பதினொரு மணிபோலக் கடை வாசலில் நனைந்து நின்றார்கள். மாப்பிள்ளை ஹட்டன் பக்கம், கல்யாணமும் இங்கேதான் என்றார்கள். அம்மாவின் கையில் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் பிறப்புச் சான்றிதழ். சேலை பார்க்க வருகிறவர்கள் யாரும் சான்றிதழைத் தூக்கிக்கொண்டு வருவதில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

"புள்ளைக்குப் பத்தொம்பது முடிஞ்சிருச்சுக்கா. ஆளு கொஞ்சம் ஒல்லி. வயசு தெரியற மாதிரி செஞ்சு குடுங்க" என்றார் அந்த அம்மா.

பிள்ளையைத் திரைக்குள் கூட்டிப்போய்த் தோளில் டேப்பை வைத்தேன். வைத்த கையோடு தெரிந்துவிட்டது. பத்தொன்பது வயது ஒல்லி வேறு, வளர்ந்துகொண்டிருக்கிற பிள்ளையின் ஒல்லி வேறு.

"என்ன படிக்கிற?" என்றேன்.

"பத்தாம் ஆண்டு" என்று சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். சொல்லக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள் போல.

அம்மா திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டு அடிக்குரலில் பேசினார்.

"மறைக்கலக்கா. இது பெரியவளோட சர்டிபிகேட்டு. அவ ஒம்போது வயசுல காய்ச்சல்ல போயிட்டா. இருந்திருந்தா இப்ப பத்தொம்பது. நான் அடுத்த மாசம் வெளிநாடு போறேன், வீட்டு வேலைக்கு. இவ அப்பா இல்ல. லயத்துல கொமரப் புள்ளைய ஒத்தையா வுட்டுட்டு நான் எப்படிப் போறது? மாப்புள்ள வீடு நல்ல வீடு. அவுங்ககிட்டயும் பெரியவன்னுதான் சொல்லிருக்கோம். ரெஜிஸ்ரார் ஐயா ஒரு பார்வ பாப்பாரு. அந்த ஒரு பார்வைக்கு மட்டும் செஞ்சு குடுங்க."

அந்த அம்மாவைக் கெட்டவர் என்று நான் இன்றைக்கும் சொல்லமாட்டேன். பயந்துபோனவர். ஒரே வரிசையாய்க் கட்டிய லயத்து ஒற்றை அறைக் காம்பிராவில் கதவுக்குத் தாழ்ப்பாள்கூடச் சரியாக இல்லாத வீடுகளை எனக்குத் தெரியும். அதனால்தான் முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மை அது மட்டுமில்லை. இதைச் செய்ய முடியுமா என்று கையில் ஓர் அரிப்பு. வேலை தெரிந்தவர்களுக்கு அந்த அரிப்பு புரியும்.

அளவுகளைச் சொன்னேன். வெளியே பென்சில் நின்றுபோனது.

"இன்னொருக்கா எடுங்க மகள்."

எடுத்தேன். அதே அளவுகள்.

"வயசு?"

"பத்தொம்பதுன்னு அவங்க அம்மா சொல்றாங்க நானா."

"நான் அவங்கட உம்மாட்ட கேக்கல்ல. டேப் புடிச்ச உங்கள்ட்டதான் கேக்கிறன்." குரல் நூலாகிவிட்டது.

நான் டேப்பைச் சுருட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். துடைத்து முடிக்க வெகுநேரம் எடுத்தது. பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டு பள்ளிவாசலுக்குத் தொழப் போய்விட்டார். திரும்பி வந்ததும் ஸ்டூலில் உட்கார்ந்து, "உள்ளுக்கு வைக்க ஸ்பொஞ்ச் வாணாம். மெல்லிய உடம்புல வழுக்கும். கழுவிப் பழகின பருத்தியா வைங்க" என்றார். அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. செய்யாதே என்று அவர் சொல்வார் என்று நான் காத்திருந்தேன். நான் மறுப்பேன் என்று அவரும் காத்திருந்தாரோ என்னவோ.

கழுவிப் பழகின பருத்திக்கு எங்கே போவது என்று நான் யோசிக்கும்போதே, அந்த அம்மா பைக்குள்ளிருந்து பிள்ளையின் வெள்ளை ஸ்கூல் கவுனை எடுத்து மேசையில் வைத்தார். "இனிமே இது எதுக்கு" என்றார்.

கவுன் அன்றைக்குத்தான் மடித்ததுபோல இருந்தது. முன்பக்கப் பட்டை மடிப்பெல்லாம் கத்திபோல. நான் கத்தரிக்கோலை எடுத்ததும் சின்னவள் முதன்முதலாகத் தானாக வாயைத் திறந்தாள்.

"அக்கா, மடிப்பு கலையாம வெட்டுங்க. மெத்தைக்குக் கீழ வச்சு நானே மடிப்புப் புடிச்சது."

எப்படி வெட்டுவது கலையாமல்? வெட்டினேன்.

செய்த வேலையை ஒளிக்காமல் சொல்கிறேன். துணியை நான்கு அடுக்காக வெட்டினேன், ஒவ்வொன்றும் முந்தியதைவிட ஒரு விரல் அகலம் குறைவாக. அப்போதுதான் ஓரம் வெளியே தடம் காட்டாது. துவைத்தாலும் சுருண்டுபோகாமல் இருக்கச் சுற்றிச் சுற்றித் தையல். தோளுக்கும் விலாவுக்கும் அதை உள்ளுறையாக வைத்து, மேலே மெரூன் பட்டு. பாவாடைக்குள் இன்னொரு பாவாடை, இடுப்புக்கு. பின்னல் போட்டால் பிள்ளைபோல இருக்கும் என்று கழுத்தோடு கொண்டை. உயரமான செருப்பு, அது உயரத்துக்கு மட்டுமில்லை, துள்ளாமல் நடப்பதற்கும்.

துணியோடு நிறுத்தியிருந்தால்கூட ஒரு சாக்கு இருந்திருக்கும். நான் அவளுக்குப் பேசவும் பழக்கினேன். "வயசு கேட்டா மேல பாக்காத. புள்ளைங்கதான் யோசிக்கிறப்ப மேல பாக்கும். ஐயாவோட மேசையப் பாத்துக்கிட்டே சொல்லு" என்றேன். கடைக் கண்ணாடிக்கு முன்னால் பத்துத் தடவையாவது சொல்லவைத்தேன். பத்தாவது தடவை அவள் சொன்ன "பத்தொம்பது" எனக்கே உண்மைபோல இருந்தது. "கெட்டிக்காரி" என்று கன்னத்தைக் கிள்ளினேன். அவளும் சிரித்தாள், பாடம் ஒப்பித்து நல்ல பேர் வாங்கிய பிள்ளையாக.

கல்யாணத்தன்று பதிவாளர் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். சான்றிதழைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார். அவள் அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தார். நான் கொசுவத்தைப் பிடித்தபடி பின்னால் குனிந்திருந்தேன்.

"வயசு என்னம்மா?"

"பத்தொம்பதுங்க ஐயா." மேசையைப் பார்த்துத்தான் சொன்னாள்.

அவர் கையெழுத்துப் போட்டார். அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றியது என்பதைச் சொல்லாவிட்டால் இதை எழுதுவதில் பொருளில்லை. பயமில்லை, பாவமில்லை. தையல் சரியாக உட்கார்ந்துவிட்டால் வருமே ஒரு நிறைவு, அதுதான் வந்தது.

பிறகு அவள் அக்காவின் பெயரில் கையெழுத்துப் போட்டாள். பேனாவை இறுக்கிப் பிடித்து, கொம்பும் சுழியும் விடாமல், பள்ளிக்கூட எழுத்தில். அப்போதுதான் என்ன செய்துவிட்டோம் என்று எனக்கு உறைத்தது. நடந்து முடிந்த பிறகு உறைத்து யாருக்கு என்ன லாபம்?

நானா அந்தக் கல்யாணத்தைப் பற்றி ஒரு நாளும் பேசவில்லை. ஆனால் அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு பெண்ணிடமும் திரைக்கு வெளியிலிருந்து ஒரு கேள்வி கேட்பார்: "மகள், உங்களுக்கு விருப்பந்தானே?" எல்லாப் பெண்களும் ஆமாம் என்றார்கள். அம்மா பக்கத்தில் நிற்கும்போது யார்தான் இல்லை என்று சொல்லப்போகிறார்கள்? கேட்பதை மட்டும் அவர் கண்மூடி மவுத்தாகும்வரை விடவில்லை.

சின்னவளை அதற்குப் பிறகு பல வருடங்களில் ஒரே ஒரு தடவைதான் டிக்கோயாவில் பார்த்தேன், ஆஸ்பத்திரி கிளினிக் வரிசையில், மடியில் கைக்குழந்தையோடு. பேசலாம் என்று எழுந்தவள், பேசாமல் மருந்துச் சீட்டைப் படிப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

போன வருடம் நிவேதா என்று ஒரு பெண் என்னைத் தேடி வந்தாள். கொழும்பில் உடை வடிவமைப்புப் படித்தவள். கல்யாணம் என்றால் என்ன என்று கல்யாண உடுப்புகளே பேசுகிற மாதிரி ஒரு கண்காட்சி, ஹட்டனில் ஒரு மண்டபத்தில், இரண்டு நாள். தைத்துக் கொடுக்க ஆள் வேண்டும் என்றாள். படங்களைக் காட்டினாள். முதுகில் நாற்பது கொக்கி வைத்த ஒரு ஜாக்கெட், போட்டவள் தானாகக் கழற்றவே முடியாது. முந்தானை இருபது முழம் நீண்டு தரையில் கிடக்கும் ஒரு சேலை, அதைக் கட்டியவள் ஓரடி நகர முடியாது. பாஸ்போர்ட் பக்கங்களைக் கரையாக அச்சடித்த ஒரு கூறை, கல்யாணமான கையோடு வெளிநாடு போகிறவர்களுக்காம்.

"இதெல்லாம் கட்டிக்கிட்டு எவடி மணவறையில உக்காருவா?" என்று கேட்டேன்.

"எல்லாரும் இததான் கட்டிருக்காங்க அம்மா, வெளிய தெரியல" என்றாள்.

வாய்க்கொழுப்பு என்று நினைத்தேன். தைக்கத் தைக்கத்தான் அவள் சொன்னது உள்ளே இறங்கியது. நாலாவது உடுப்பு முடிந்த அன்று, "நீங்களே ஒண்ணு செய்றதுன்னா என்ன செய்வீங்க?" என்று கேட்டாள். நான் யோசிக்கவே இல்லை. சின்னவளின் அளவு அப்போதும் எனக்கு மனப்பாடம்.

வெள்ளைக் கவுன் ஒன்று தைத்து, மூன்று மாதம் துவைத்துப் பழக்கி, மடிப்புப் பிடித்து, பிறகு அன்றைக்கு வெட்டியதைப் போலவே வெட்டினேன். மெரூன் பட்டு ஜாக்கெட் தைத்தேன். ஆனால் உள்புறத்தை வெளியே திருப்பிப் பொம்மைக்குப் போட்டேன். நான்கு அடுக்கு வெள்ளைத் துணியும், உடைந்த மடிப்புக் கோடுகளும் எல்லோருக்கும் தெரியும்படி. நடந்ததை எல்லாம் நிவேதாவிடம் சொன்னேன்.

"அந்த அக்காகிட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"எங்க இருக்காளோ" என்றேன்.

பொய். தேடியிருந்தால் கிடைத்திருப்பாள். டிக்கோயா என்ன அமெரிக்காவிலா இருக்கிறது? பக்கத்தில் வைக்கிற அட்டையில் நடந்ததை எழுதி, கீழே, அன்று அவளுடைய அம்மா கூப்பிட்டுக் கேட்டு நினைவில் வைத்திருந்த அவளுடைய சொந்தப் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் என் கையாலேயே எழுதினேன். நாங்கள் பிடுங்கிய பெயரை நாலு பேருக்கு முன்னால் திருப்பிக் கொடுக்கிறேன் என்று நினைப்பு. முதல் நாள் எல்லோரும் அந்த ஜாக்கெட்டின் முன்தான் நின்றார்கள். சிலர் அழுதார்கள். ஓர் ஆசிரியை என்னைக் கட்டிப்பிடித்து, "தைரியமா சொல்லிட்டீங்க" என்றார். எனக்கும் நெஞ்சு இலேசானதுபோல இருந்தது.

மறுநாள் காலையில், கூட்டம் வருமுன், ஒரு பெண் குடையோடு வந்தாள். நேரே அட்டையிடம் போய்ப் படித்தாள். பிறகு என்னிடம் வந்தாள். கண்ணோரம் கொஞ்சம் சுருங்கியிருந்தது, மற்றபடி அதே முகம்.

"தெரியுதாக்கா?" என்றாள்.

தலையாட்டினேன்.

"எம்மக ஸ்கூலோட நேத்து வந்திச்சு. வீட்ல வந்து சாப்பாட்டு நேரத்துல சொல்லுது, 'அம்மா, உங்க ஊருப் பக்கம் ஒரு பொண்ண ஸ்கூல் கவுன வெட்டிக் கட்டிக் குடுத்தாங்களாம், பாவம்மா'ன்னு. எம் பேரச் சொல்லுது. அவரு பக்கத்துல உக்காந்திருக்காரு. எனக்குச் சோறு எறங்கல."

"அவருக்கு..."

"யாருக்கும் தெரியாது. அம்மா வெளிநாட்டுலருந்து வந்து செத்துப்போச்சு. அதுக்கப்புறம் எனக்கு மட்டுந்தான் தெரியும். ஐடென்டி, கல்யாணப் பத்திரம், புள்ளைங்க பொறப்புப் பத்திரம் எல்லாம் அக்கா பேர்ல. இது வெளிய வந்தா எம்புள்ளைங்களுக்கு அம்மா யாருன்னு சொல்வாங்க? அவரு நல்ல மனுசன்கா. பதினேழு வருசமா ஆசையாத்தான் கூப்பிடறாரு. ஆனா அவரு கூப்பிடறது எங்கக்காவ."

மன்னித்துக்கொள் என்றேன். அதைக் கேட்கத்தான் அவள் இவ்வளவு தூரம் வந்தாள் என்பதுபோலச் சொன்னேன். அவள் குரலை உயர்த்தவில்லை.

"அன்னைக்கு நீங்க எல்லாரும் சேந்து முடிவு பண்ணினீங்க. எங்கிட்ட கேக்கல. இன்னைக்கும் கேக்கலயேக்கா. மறுபடியும் என்னைய நிப்பாட்டி ஊருக்கே காட்டிட்டீங்க."

முப்பத்தொரு வருடத் தொழிலில் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. அட்டையைக் கழற்றி அவள் கையில் கொடுத்தேன். நிவேதா வந்து, போனிலிருந்து இணையத்தில் போட்டிருந்த படங்களை எல்லாம் அவள் கண்முன்னாலேயே அழித்தாள். ஆனால் அதற்கு முன் யார் யார் பார்த்தார்களோ. அந்தப் பயமும் அவளுக்கு என்னால் வந்தது.

ஜாக்கெட்டையும் கழற்றிவிடுகிறேன் என்று போனேன். "அது இருக்கட்டும். பாக்குற அம்மாமாருக்குத் தெரியட்டும். பேரு மட்டும் வாணாம்" என்றாள். அட்டையை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். குடையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவள் நின்றாள்.

"அக்கா, எம்மக நேத்து அந்தப் பேரச் சொன்னிச்சே, அது யாரோ ஒருத்தியோட பேராத்தான் சொன்னிச்சு. என்னையக் கூப்பிடல. அம்மா போனப்புறம் அந்தப் பேர்ல என்னையக் கூப்பிட ஆளில்ல." மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தாள். நிவேதா உள்ளே போயிருந்தாள். "இப்ப யாருமில்ல. மெதுவா ஒருக்கா கூப்பிடுங்க."

அவளுடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.

"என்னங்கக்கா?" என்றாள்.